ஐயம் தீரும்வரை

நுழையும்முன்

வானில் பறப்பதே இடர் மிகுந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பறித்த விபத்து வானில் நிகழவில்லை. தரையில், ஓடுபாதையின்மேல் நிகழ்ந்தது. அதில் இயந்திரம் எதுவும் பழுதுபடவில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் வேறாகப் புரிந்துகொண்டார். ஒருவருக்கு எழுந்த ஐயம் தீராமலேயே அடங்கிப்போயிற்று. சொல்லுக்கும் செவிக்கும் இடையில் உள்ள அச்சிறு இடைவெளியைப் பற்றியது இக்கட்டுரை.

ஒருவருக்கே உரிய பாதை

பேருந்து நிலையத்தின் வாயிலில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்துவிட்டால், ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்வர். ஒருவர் சற்றே பின்வாங்குவார். ஓடுபாதையில் அதற்கு வாய்ப்பில்லை. முழு வேகத்தில் விரையும் விமானத்தை நினைத்தவுடன் நிறுத்த இயலாது. நினைத்த பக்கம் திருப்பவும் இயலாது. ஆகவே, ஒரு விமானம் மேலெழும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் அப்பாதை அவ்விமானத்துக்கே உரியதாக இருத்தல் வேண்டும். வேறு விமானமோ, வண்டியோ, மனிதரோ அந்நேரத்தில் அங்கு இருத்தலாகாது. அவ்வாறு இருக்க நேர்வதை 'ஓடுபாதை அத்துமீறல்' என்று விமானத்துறையினர் குறிப்பிடுகின்றனர்.

ஓடுபாதை இப்போது யாருக்கு உரியது என்பதை முடிவு செய்பவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். பெரிய விமான நிலையங்களில் இப்பணி பலரிடையே பகிர்ந்தளிக்கப்படுகிறது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையின் விளிம்புவரை விமானத்தை வழிநடத்துபவர் ஒருவர். ஓடுபாதைக்குப் பொறுப்பேற்பவர் மற்றொருவர். வானில் நெருங்கிவரும் விமானங்களை வரிசைப்படுத்துபவர் வேறொருவர். ஒருவரின் பொறுப்பிலிருந்து மற்றவரின் பொறுப்புக்கு மாறும்போது விமானி தம் வானொலியின் அலைவரிசையையும் மாற்றிக்கொள்கிறார். பறவைகளை விரட்டச் செல்லும் வண்டியும், விளக்குகளைப் பழுதுபார்க்கச் செல்லும் பணியாளரும்கூடக் கோபுரத்தின் இசைவின்றி ஓடுபாதைக்குள் கால்வைத்தல் ஆகாது.

இவ்வளவு பெரிய ஒழுங்கு எதன்மேல் நிற்கிறது? பெரும்பாலும் பேச்சின்மேல் நிற்கிறது. கட்டுப்பாட்டாளர் ஆணையிடுகிறார், விமானி அதைத் திருப்பிச் சொல்கிறார், திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் செவிகொடுக்கிறார். இம்மூன்றும் நிறைவுற்றால்தான் ஓர் ஆணை முழுமை பெறும். இவற்றுள் ஒன்று தளர்ந்தால் என்ன நேரும் என்பதை உலகம் 1977ஆம் ஆண்டில் கண்டது.

மலைமேல் இறங்கிய முகில்

அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கேனரித் தீவுகள் உள்ளன. 1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. அத்தீவுகளுள் ஒன்றான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் குண்டு ஒன்று வெடித்தது. மற்றொரு குண்டும் இருக்கக்கூடும் என்ற அச்சத்தால் நிலையம் மூடப்பட்டது. அங்குச் செல்லவிருந்த விமானங்கள் அண்டைத் தீவான தெனரீஃபில் உள்ள லாஸ் ரோடியோஸ் என்னும் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் இரண்டு, 'போயிங் 747' வகையைச் சேர்ந்த மாபெரும் விமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துக்கு உரியது, மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துக்கு உரியது.

லாஸ் ரோடியோஸ், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மலைகளுக்கிடையே அமைந்தது. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் முகில், அங்கே ஓடுபாதையின்மேலேயே தவழ்ந்து செல்லும். அந்நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் கருவி அங்கு இல்லை. அன்று கோபுரத்தில் பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் இருவர்.

வந்திறங்கிய விமானங்கள் நிறுத்துமிடத்தையும், விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கப்பாதையையும் அடைத்துக்கொண்டன. கிரான் கனேரியா மீண்டும் திறக்கப்பட்டபோது, பான் ஆம் விமானம் புறப்பட ஆயத்தமாக இருந்தது. ஆனால், அதன் முன்னே நின்ற கே.எல்.எம். விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு செல்லப் போதிய இடமில்லை. அந்தக் காத்திருப்பின்போதே முகில் இறங்கத் தொடங்கியது.

பக்கப்பாதை அடைபட்டிருந்ததால், இரு விமானங்களும் ஓடுபாதையின்மேலேயே எதிர்த்திசையில் ஊர்ந்து சென்று மறுமுனையை அடைய வேண்டியிருந்தது. முதலில் கே.எல்.எம். சென்றது, மறுமுனையை அடைந்து, முழுவதுமாகத் திரும்பி நின்றது. அதன் பின்னே பான் ஆம் சென்றது. மூன்றாவது வெளிவழியில் திரும்பி ஓடுபாதையை விட்டு விலகுமாறு அதற்கு ஆணையிடப்பட்டிருந்தது. முதலாவதா, மூன்றாவதா என்ற ஐயம் அவ்விமானிகளுக்கு எழுந்தது, அவர்கள் கேட்டார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றாவது" என்று கட்டுப்பாட்டாளர் எண்ணிக் காட்டினார். ஆயினும், வெளிவழிகளில் அவற்றின் எண்ணைக் காட்டும் குறியீடு இல்லை. மூன்றாவது வழியோ பின்னோக்கி மடங்கியது. அத்துணைப் பெரிய விமானம் அதில் திரும்புதல் அரிது. முகிலுக்குள் அதைக் கடந்து நான்காவது வழியை நோக்கி விமானம் நகர்ந்துகொண்டிருந்தது.

இப்போது ஒரே ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே. ஒன்றை மற்றொன்று காணவில்லை. கோபுரத்தில் இருந்தவர்களோ இரண்டையும் காணவில்லை. எஞ்சியிருந்த ஒரே கண், வானொலிதான்.

அரை நிமிடம்

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அனுபவத்தில் முதிர்ந்தவர். அந்நிறுவனத்தில் 747 வகை விமானங்களுக்குரிய பயிற்சிக்குத் தலைவர். அவர் அருகில் இருந்த துணை விமானி, அவ்வகை விமானத்தை இயக்கும் தகுதியை அண்மையில் அவரிடமே பெற்றவர். பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைக் கடந்தால் அன்று பறக்க இயலாது. பயணிகளோடு அத்தீவிலேயே தங்க நேரிடும்.

விமானம் திரும்பி நின்றவுடன் தலைமை விமானி இயந்திரத்தின் விசையைக் கூட்டத் தொடங்கினார். "நமக்கு இன்னும் இசைவு வரவில்லை" என்று துணை விமானி நினைவூட்டினார். தலைமை விமானி நிறுத்தினார், கேட்குமாறு பணித்தார். துணை விமானி கேட்க, கோபுரம் ஓர் இசைவை வழங்கியது. ஆனால், அது வழித்தட இசைவு. மேலெழுந்த பின்னர் எத்திசையில் திரும்புவது, எவ்வுயரத்துக்குச் செல்வது என்பன மட்டுமே அதில் அடங்கியிருந்தன. மேலெழுவதற்கான இசைவு அதுவன்று. ஆயினும், 'டேக் ஆஃப்' என்ற சொல் அவ்வாணையில் இடம்பெற்றிருந்தது.

துணை விமானி அதைத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடிக்கையில், "இப்போது நாங்கள் டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சேர்த்தார். அதற்குள் விமானம் நகரத் தொடங்கியிருந்தது. 'மேலெழுந்துகொண்டிருக்கிறோம்' என்பது அவர் உணர்த்த விரும்பியது. 'மேலெழும் இடத்தில் ஆயத்தமாக நிற்கிறோம்' என்று கட்டுப்பாட்டாளர் அதைப் புரிந்துகொண்டார். ஆங்கிலம் இருவருக்கும் தாய்மொழியன்று. டச்சு மொழியின் தொடரமைப்பே ஆங்கிலச் சொற்களில் வெளிப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு.

கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். சற்று இடைவெளி விட்டு, "டேக் ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் ஊர்ந்துகொண்டிருப்பதாகப் பதற்றத்துடன் அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசியதால் இரண்டும் தெளிவிழந்தன. கே.எல்.எம். விமானியறையில் ஏறத்தாழ நான்கு நொடிகள் கீச்சொலி எழுந்தது. தெளிவாகக் கேட்டது 'ஓகே' என்ற ஒரு சொல் மட்டுமே.

வாய்ப்பு இன்னும் ஒன்று இருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியவுடன் தெரிவிக்குமாறு கோபுரம் பான் ஆமைப் பணித்தது. விலகியதும் தெரிவிப்பதாக அவ்விமானி மறுமொழி கூறினார். இவ்வுரையாடல் கே.எல்.எம். விமானியறையிலும் கேட்டது. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளர் அதைக் கவனித்தார். "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டது" என்னும் பொருள்பட உறுதியான குரலில் மறுமொழி வந்தது. பொறியாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

முகிலைப் பிளந்துகொண்டு வந்த விளக்கொளியைப் பான் ஆம் விமானிகள் கண்டபோது, தம் விமானத்தை இடப்புறப் புல்வெளியை நோக்கித் திருப்ப முயன்றனர். கே.எல்.எம். விமானி தம் விமானத்தை உரிய வேகம் பெறுமுன்பே மேலெழுப்ப முயன்றார். அதன் வால் ஓடுபாதையை உரசியது. இரண்டு முயற்சிகளும் பயனளிக்கவில்லை. அந்த 'ஓகே'க்கும் மோதலுக்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ அரை நிமிடம். கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். பான் ஆம் விமானத்தில் இருந்த 396 பேரில் 335 பேர் மாண்டனர். 61 பேர் உயிர் தப்பினர். மொத்தம் 583 உயிர்கள். முகில் அவ்வளவு அடர்ந்திருந்ததால், எரிவது ஒரு விமானம் அன்று, இரண்டு விமானங்கள் என்பதே தீயணைப்போருக்கு முதலில் தெரியவில்லை.

சொல்லுக்கு எல்லை

இசைவு பெறாமல் விமானத்தைக் கிளப்பியதே அடிப்படைக் காரணம் என்று ஸ்பெயின் அரசின் விசாரணை கூறியது. பழியை ஒருவர்மேல் மட்டும் சுமத்துவதை நெதர்லாந்து ஏற்கவில்லை. பேச்சில் நேர்ந்த குழப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. பழி யாருடையது என்ற வினாவைவிட, இது மீண்டும் நிகழாதிருக்கச் செய்யவேண்டியது யாது என்ற வினாவே உலகுக்குப் பயன் தந்தது.

முதலில் சொற்கள் திருத்தப்பட்டன. மேலெழுவதற்கு இசைவு அளிக்கும்போதோ, அளித்த இசைவைத் திரும்பப் பெறும்போதோ மட்டுமே 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். பிற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே கூற வேண்டும் என்பது நெறியாயிற்று. ஓடுபாதைக்குள் நுழைதல், அதைக் கடத்தல், அதன் விளிம்பில் நிற்றல், மேலெழுதல், இறங்குதல் ஆகியவை தொடர்பான ஆணைகளை விமானி முழுமையாகத் திருப்பிச் சொல்லுதல் கட்டாயம். 'சரி', 'ஓகே' என்ற ஒற்றைச் சொல் அவற்றுக்கு விடையாகாது.

அடுத்து, விமானியறையின் பழக்கவழக்கம் திருத்தப்பட்டது. தலைமை விமானியின் சொல்லை மறுத்துரைத்தல் பணிவின்மை என்று கருதும் மனநிலை உயிருக்கே உலைவைக்கும் என்பது உணரப்பட்டது. 1979இல் அமெரிக்காவின் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து ஒரு புதிய பயிற்சிமுறை உருவாயிற்று. இளையவர் தம் ஐயத்தைத் தயங்காது எடுத்துரைக்கவும், மூத்தவர் அதைச் செவிமடுத்து ஆராயவும் அது பழக்குகிறது. இன்று உலகெங்கும் விமானிகள் இப்பயிற்சியைப் பெறுகின்றனர்.

மூன்றாவதாக, கருவிகள் துணைக்கு வந்தன. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார், ஓடுபாதையின் விளிம்பில் குறுக்கே ஒளிரும் செந்நிற நிறுத்த விளக்குகள், மோதல் நேரக்கூடும் எனில் எச்சரிக்கும் திரைகள் ஆகியன பெரிய நிலையங்களில் அமைக்கப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

ஓடுபாதையின் இரு முனைகளிலும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை காந்தத் திசையைக் குறிப்பன. 300 பாகைத் திசையை நோக்கியது எனில், இறுதிச் சுழியை நீக்கி 30 என எழுதுவர். மறுமுனை அதற்கு நேரெதிராக 120 பாகையை நோக்குவதால் 12 எனப்படும். லாஸ் ரோடியோஸ் ஓடுபாதையின் எண்கள் இவையே. வானொலியில் எண்களை ஒலிப்பதிலும் நெறி உண்டு. ஆங்கிலத்தில் ஒன்பதையும் ஐந்தையும் குறிக்கும் சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒலிக்கின்றனர். பன்னாட்டுப் போக்குவரத்தில் பணிபுரியும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறிப்பிட்ட நிலை ஆங்கிலத் திறன் பெற்றிருத்தல் வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது.

சொன்னது ஒன்று, கொண்ட பொருள் வேறு

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் இடர் முற்றும் நீங்கிவிட்டதா? 2024 ஜனவரி 2 அன்று ஜப்பானின் டோக்கியோ நகரத்து ஹனேடா விமான நிலையத்தில் நிகழ்ந்தது இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. முந்தைய நாள் நோட்டோ பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியிருந்தது. அங்குள்ளோருக்கு உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு கடலோரக் காவற்படையின் சிறு விமானம் ஒன்று புறப்பட ஆயத்தமாயிற்று. அதே வேளையில், 379 பேருடன் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இறங்குவதற்கு இசைவு பெற்று வந்துகொண்டிருந்தது.

ஓடுபாதையின் விளிம்பில் உள்ள காத்திருக்கும் இடம்வரை வருமாறு கட்டுப்பாட்டாளர் சிறு விமானத்துக்கு ஆணையிட்டார். புறப்படும் வரிசையில் முதலாவது என்பதைக் குறிக்க 'நம்பர் ஒன்' என்றும் கூறினார். காவற்படை விமானி அதைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னார். ஆனால், ஓடுபாதைக்குள் நுழையத் தமக்கு இசைவு கிடைத்துவிட்டது என்று அவ்விமானத்தார் கருதினர். நிலநடுக்கத்தால் துன்புறுவோருக்கு விரைந்து உதவவே தமக்கு முதலிடம் தரப்பட்டது என்று அவர்கள் எண்ணுவதற்கும் அந்நாளின் சூழல் இடமளித்தது. விமானம் ஓடுபாதைக்குள் சென்று ஏறத்தாழ 40 நொடிகள் நின்றது. அவ்விடத்து நிறுத்த விளக்குகள் பராமரிப்புப் பணியின் பொருட்டு அப்போது இயங்கவில்லை. ஓடுபாதையில் விமானம் இருப்பதைக் கோபுரத்தின் திரை நிறம் மாற்றிக் காட்டியது. ஆனால், அதைக் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. இருள் சூழ்ந்த அம்மாலையில் இறங்கிய விமானத்தின் விமானிகளும் சிறு விமானத்தைக் கண்டுகொள்ளவில்லை.

சிறு விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானம் தீப்பற்றியது. ஆயினும், அதில் இருந்த 379 பேரும் தப்பினர். புகை சூழ்ந்த நிலையிலும் பணியாளர்கள் நிதானம் இழக்கவில்லை. எந்த வாயில் பாதுகாப்பானது என்று ஆராய்ந்தே திறந்தனர். பயணிகள் தம் உடைமைகளை விட்டுவிட்டு அவர்தம் சொற்படி வெளியேறினர். 18 நிமிடங்களில் விமானம் வெறுமையாயிற்று. விபத்துக்குப் பின்னர், வரிசை எண்ணைக் கூறுவதை ஜப்பான் தற்காலிகமாக நிறுத்தியது. எச்சரிக்கைத் திரையை இமையாது நோக்குவதற்கென்றே தனிப் பணியாளரை அமர்த்தியது.

தெனரீஃபில் சொல் செவியைச் சென்றடையவில்லை. ஹனேடாவில் சொல் சென்றடைந்தது. பிழையின்றித் திரும்பியும் வந்தது. பொருள் மட்டும் மாறிப்போயிற்று. திருப்பிச் சொல்லுதல் இன்றியமையாதது. அதுவே போதுமானது அன்று என்பதை இரண்டாம் நிகழ்வு உணர்த்துகிறது. சொல் ஒன்றாக இருந்தும் உள்ளங்கள் வேறாக இருத்தல் கூடும். ஆகவேதான் ஒரு காவலின்மேல் மற்றொரு காவலாகச் சொல்லும், விளக்கும், திரையும், விழித்த கண்ணும் தேவைப்படுகின்றன.

ஐயம் தீரும்வரை

ஓடுபாதையைக் காப்பவர் பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை. நாள்தோறும் எண்ணற்ற விமானங்கள் இடரின்றி இறங்குகின்றன. அவற்றை இறக்கியவர்களை யாரும் அறிவதில்லை. விபத்து நேர்ந்த பிறகே அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஆராயப்படுகிறது. முறைமாற்றத்தின்போது ஓய்வுக்குச் செல்லும் கட்டுப்பாட்டாளர், அடுத்து அமர்பவருக்கு நிலைமையை ஒவ்வொன்றாக விளக்கி, அவர் புரிந்துகொண்டார் என்று தெளிந்த பின்னரே இருக்கையை விட்டு எழுகிறார். சிறு செயலே ஆயினும், அன்றைய நாளின் அமைதி அதில் அடங்கியுள்ளது.

"அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்ற வினாவைத் தெனரீஃபில் ஒருவர் எழுப்பினார். கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய நேரத்திலேயே அவர் கேட்டார். கேள்வி தவறவில்லை, விடை தவறியது. விடையில் உறுதி இருந்தது, உண்மை இல்லை. உறுதியான குரலை உண்மை என்று மயங்குதல் மனித இயல்பு. தம்மினும் மூத்தவரும் கற்றவருமான ஒருவர் அக்குரலில் பேசும்போது, மறுமுறை கேட்க நா எழுவதில்லை. அன்று 583 பேரின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது, கேட்கப்படாத அந்த இரண்டாம் கேள்வியில்தான்.

ஐயம் என்பது அறியாமையின் அடையாளம் அன்று, விழிப்பின் அடையாளம். அதை எழுப்புபவருக்குத் துணிவு வேண்டும். ஏற்பவருக்குப் பொறுமை வேண்டும். இன்றைய விமானியறையில் மிக இளையவரும் "ஐயா, நிறுத்துங்கள்" என்று சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். அவர் ஐயம் பிழையாக இருப்பின் சில நிமிடங்கள் வீணாகும். அவ்வளவே.

கற்பவை கற்றபின்

1. கட்டுப்பாட்டாளராகவும் விமானியாகவும் இருவர் நடித்து, ஆணையிடல், திருப்பிச் சொல்லல், சரிபார்த்தல் ஆகிய மூன்றையும் தமிழில் நிகழ்த்திக் காட்டுக.

2. ஒரே சொல்லை இருவர் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதால் உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ நேர்ந்த குழப்பம் ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'மூத்தோர் சொல்லை மதித்தலும் அதன்மேல் ஐயம் எழுப்புதலும் ஒன்றுக்கொன்று முரணானவையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.